ஆஸ்பத்திரித் துணி

அந்தக் காலம் பொற்காலம் என்று நம் வகுப்புக்காரர்கள் கூடும் இடத்திலெல்லாம் பேசுகிறீர்கள். நானும் வந்து உட்கார்ந்து வடையைத் தின்றுவிட்டுத் தலையை ஆட்டிவிட்டு வருகிறேன். ஐம்பது தாண்டியதும் நம் எல்லோருக்கும் இந்த வியாதி பிடித்துக்கொள்கிறது. ஐஸ் வண்டி, புளியமரம், ஒரே மிட்டாயைக் கடித்துப் பங்கு போட்டது. போன கூட்டத்தில் உங்களில் ஒருத்தி என்னைக் கட்டிக்கொண்டு, "நாமெல்லாம் ஒரே பெஞ்சுல ஒட்டிக்கிட்டு இருந்தோம்லா" என்று கண் கலங்கினாள். நான் உங்கள் யாருடைய பெஞ்சிலும் ஒட்டிக்கொண்டு இருக்கவில்லை. ஏழாம் வகுப்பில் நான் உட்கார்ந்தது விளக்குமாறு சாத்தி வைக்கும் மூலையில், தனி முக்காலியில். உங்களுக்கு அது வசதியாக மறந்துவிட்டது. எனக்கு மறக்கவில்லை, அதனால் எழுதுகிறேன்.

எண்பதுகளின் நடுவில் ஒரு கோடை. இராஜபாளையத்தில் கிணறுகள் வற்றி, தெருக்குழாயில் காற்று மட்டும் வந்துகொண்டிருந்தது. அப்பா ஊருக்கு வெளியே ஒரு பேண்டேஜ் துணிக் கம்பெனியில், வெளுப்புப் பகுதியில் மேஸ்திரி. தறியிலிருந்து வரும் துணி பழுப்பாக இருக்கும். அதைப் பெரிய சிமெண்ட் தொட்டிகளில் பிளீச்சிங் பவுடர் கரைசலில் ஊறப்போடுவார்கள். வெளுத்ததும் நல்ல தண்ணீரில் பல தரம் அலசி, களத்தில் காயப்போட்டு, வெட்டிச் சுருட்டி ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்புவார்கள். நூல் விட்டுப்போனதும் ஓரம் கோணிப்போனதும் கழிசல். கழிசலை வேலை செய்கிறவர்கள் வீட்டுக்கு எடுத்துப்போகலாம்.

எங்கள் வீடே அந்தக் கழிசலில்தான் நடந்தது. தலையணை உறை, கொசுவலை, புளி வடிகட்டும் துணி, என் உள்பாவாடை, சட்டைக்கு உள்ளே போடும் பாடி, எல்லாம் இரண்டு மூன்று மடிப்பாக மடித்துத் தைத்த பேண்டேஜ் துணி. அப்பாவுக்கு அதில் அப்படி ஒரு பெருமை. பட்டு உடுத்துகிறவனைக்கூட ஏளனமாகப் பார்ப்பார். உலகத்திலேயே சுத்தமான துணி இதுதான், வெட்டுப்பட்ட சதையின் மேல் வைக்கிற துணி, இதைவிட நம்பிக்கையான துணி இருக்கிறதா என்று கேட்பார். 

அந்தக் கோடையில் கம்பெனிக் கிணறும் கீழே போய்விட்டது. பல தண்ணீர் அலசுவதை ஒரே தண்ணீராக்கிவிட்டார்கள் என்று அப்பா ஒருநாள் சாப்பிடும்போது அம்மாவிடம் சொன்னார். துணி எப்போதும் போல வெள்ளையாகத்தான் இருக்கிறது, யாருக்குத் தெரியப்போகிறது என்றும் சொன்னார். நான் பக்கத்தில் உட்கார்ந்து மோர்ச்சாதம் தின்றுகொண்டிருந்தேன். அது எனக்குச் சம்பந்தமில்லாத பேச்சாகத் தெரிந்தது.

முதலில் இடுப்பில், பாவாடை நாடா இறுக்கும் இடத்தில் அரித்தது. பிறகு கழுத்து, அக்குள், முழங்காலுக்குப் பின்புறம். தடிப்புத் தடிப்பாக எழும்பும். சொறிந்தால் ஒரு சுகம் வரும், அந்தச் சுகம் முடிவதற்குள் எரியும். எரிச்சல் அடங்கினால் மறுபடி அரிக்கும். நீர் வடிந்து, பொருக்குக் கட்டி, அந்தப் பொருக்கும் அரிக்கும். பக்கத்து வீட்டு மில்காரர் தூக்கிப்போட்ட ஒரு மர பாபின் என்னிடம் இருந்தது. நூல் சுற்றும் கட்டை. அதன் வாய் தேய்ந்து சொரசொரப்பாக இருக்கும். முதுகில் கை எட்டாத இடத்தை அதைக்கொண்டு தேய்ப்பேன். அந்தப் பாபினை எங்கே விட்டேன் என்று இன்றும் சில நேரம் தேடத் தோன்றுகிறது. உங்களுக்கெல்லாம் பொம்மை ஞாபகம் வருகிறது, எனக்கு அது.

அரிப்புக்கு எங்கள் தெருவில் பெயர் இருந்தது, காரணம் இல்லை. காணாக்கடி என்றார்கள். கண்ணுக்குத் தெரியாத எதுவோ கடித்திருக்கிறதாம். வெற்றிலையில் மிளகு வைத்துத் தின்னச் சொன்னார்கள். கத்தரிக்காய், கருவாடு, முட்டை, வேர்க்கடலை எல்லாவற்றையும் நிறுத்தினார்கள். கம்பவுண்டர் ஊசி போட்டார், அதில் தூக்கம் வந்தது, அரிப்பு போகவில்லை. அம்மாவின் சிநேகிதி சர்ச்சிலிருந்து எண்ணெய் கொண்டுவந்து தேய்த்து ஜெபம் செய்தார். பள்ளிவாசலில் ஓதிய தண்ணீரை முகத்தில் தெளித்தார்கள். இந்த இரண்டு இடத்திலும் என்னைத் தொட்டார்கள், முகம் சுளிக்கவில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். எதிர்வீட்டுத் தெலுங்குக்கார அம்மாவோ என்னைக் கண்டால் "லோபலிக்கி ரா" என்று பிள்ளைகளை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தும். பள்ளி திறந்த முதல் வாரமே டீச்சர் என்னை மூலைக்கு அனுப்பினார். நான் தொட்ட பென்சிலை உங்களில் ஒருத்தி சாக்கடையில் எறிந்தாள். கட்டிக்கொண்டு அழுதவள்தான் அவள்.

அப்பாவின் கையும் தோலுரிந்துதான் கிடக்கும். விரல் இடுக்கில் வெடித்து ரத்தம் கசியும். தொட்டி வேலை பார்க்கிற எல்லா ஆண்களுக்கும் அப்படித்தான். அதைப் பவுடர்க்கடி என்று சிரித்துக்கொண்டே சொல்வார்கள், தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு மறுநாள் வேலைக்குப் போவார்கள். ஆம்பிளைக்கு வந்தால் அது வேலை, பொட்டப்பிள்ளைக்கு வந்தால் அது தோஷம். ஒரே வீட்டில், ஒரே விளக்கின் கீழே இரண்டு பேர் சொறிந்துகொண்டிருந்தோம். இரண்டையும் சேர்த்துப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

தினமும் படுக்கும் முன் அப்பா என்னை உட்காரவைத்து வேப்பெண்ணெய் தடவுவார். பிறகு புதுப் பேண்டேஜ் துணியைச் சுருளாக எடுத்து, இடுப்பிலிருந்து தோள்வரை, முழங்காலிலிருந்து கணுக்கால்வரை, ஆஸ்பத்திரியில் சுற்றுவது போல அடுக்கு அடுக்காகச் சுற்றுவார். அவ்வளவு பக்குவமாகச் சுற்றுவார். அம்மா என்னைத் தொடப் பயந்தபோது அவர் பயப்படவில்லை. முடிச்சுப் போட்டு முடித்ததும் எப்போதும் ஒன்றே சொல்வார்.

"சொறியாத தாயி. சுத்தமான துணி. ஒண்ணும் செய்யாது."

காலையில் அவிழ்க்கும்போது தோலும் கூட வரும். அதைப் பார்த்து, இன்னும் கொஞ்சம் இறுக்கிக் கட்ட வேண்டும் போலிருக்கிறது என்பார்.

அந்த நேரத்தில்தான் அக்காவுக்குச் சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து ஒரு வரன் வந்தது. அக்கா என்னைவிட ரொம்ப மூத்தவள். முந்தின வரன்கள் எல்லாம் தட்டிப்போயிருந்தன. தரகர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, குடும்பத்தில் தோல் வியாதி என்று ஒரு பேச்சு கிளம்பினால் இதுவும் போய்விடும், இந்தப் பிள்ளையைக் கண்ணில் காட்டாதீர்கள் என்றார். அம்மா அன்றே என் துணிகளை மூட்டை கட்டினாள். ஸ்ரீவில்லிபுத்தூரில் அப்பாவின் அக்கா, என் அத்தை வீட்டுக்கு அனுப்புவது என்று முடிவானது. பஸ் ஸ்டாண்டில் அப்பா என்னிடம் சொன்னது தெளிவாக நினைவிருக்கிறது. அரிப்பு போய்விட்டால் கல்யாணத்துக்கு வந்து, பிறகு வீட்டிலேயே இருந்துகொள்ளலாம். போகாவிட்டால் அத்தை வீடுதான். ஏதோ அது என் கையில் இருப்பது போலச் சொன்னார். நானும் என் கையில் இருப்பதாகவே நம்பினேன். பஸ்ஸில் கையைத் தொடைக்குக் கீழே வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன்.

அத்தைக்கு என்னைப் பிடிக்காது. முன்பும் பிடிக்காது, அப்போது அருவருப்பும் சேர்ந்துகொண்டது.

"ஏட்டி, வாசல்லயே நில்லு. போட்டிருக்கது, மூட்டையில இருக்கது, எல்லாத்தையும் அங்கனயே கழத்திப் போடு. உங்கப்பன் வீட்டுத் துணி ஒரு இழை என் வீட்டுக்குள்ள வரக்கூடாது."

மாமாவின் பழைய காக்கிச் சட்டையை என்மேல் எறிந்தாள். மாமா செண்பகத்தோப்பில் காட்டிலாகா வாட்சர், வாரத்துக்கு ஒரு தரம் வீட்டுக்கு வருவார். துவைத்துத் துவைத்து நைந்துபோன சட்டை, எனக்கு முழங்காலைத் தாண்டித் தொங்கியது. அத்தை என் துணிகளை ஒரு குச்சியால் தூக்கி வெந்நீர் அடுப்பில் போட்டாள். நான் மறைத்து வைத்திருந்த பாபினும் அதோடு போயிருக்கும். எனக்கு விறகுக் கொட்டகையில் பாய். தனியாக ஓர் அலுமினியத் தட்டு, அதை நானே கழுவி முருங்கை மரத்தடியில் கவிழ்த்து வைக்க வேண்டும். அத்தையின் பிள்ளைகள் என்னைத் தாண்டிப்போகும்போது மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினார்கள். அரிப்புக்கு வாடை ஏது? அத்தை சொல்லிக்கொடுத்திருந்தாள்.

விறகுக் கொட்டகையில் சிலந்தி, பல்லி, எறும்பு எல்லாம் இருந்தன. அரிப்பு மட்டும் குறைந்துகொண்டே வந்தது. பொருக்கு உதிர்ந்தது. ஒருநாள் குளிக்கும்போது வயிற்றில் கை வைத்துப் பார்த்தேன், வழுவழுவென்று இருந்தது. அழுதேன். இனி வீட்டுக்குப் போகலாம் என்ற சந்தோஷம்.

அத்தை தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டாள். தன் பத்தியம், தன் வேண்டுதல், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்து மலையில் இருக்கும் திருவண்ணாமலைப் பெருமாள் கைவிடவில்லை என்று. வேண்டுதல் என்னவென்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. என் முடி. புரட்டாசி சனிக்கிழமை, மலையடிவாரத்தில் அவ்வளவு கூட்டத்தில், அக்கா கல்யாணம் முடியட்டும் அத்தை என்று காலைப் பிடித்துக் கெஞ்சினேன். சாமிக்கே தவணை சொல்வாயா என்று கேட்டு, தோளை அழுத்தி நாவிதர் முன்னால் உட்காரவைத்தாள். அம்மா பின்னிப் பின்னி வளர்த்த முடி. மொட்டைத் தலையில் சந்தனம் பூசி, மலையேற்றிக் கூட்டிப்போய், கும்பிடச் சொன்னாள். நான் கும்பிடவில்லை. கையைச் சேர்த்து வைத்துக்கொண்டு அத்தையைத்தான் மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன்.

ஐப்பசியில் கல்யாணம். முந்தின நாள் என்னை இராஜபாளையத்துக்குக் கூட்டிவந்தார்கள். என் கை காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்து அப்பா முகம் மலர்ந்ததை நான் மறுக்கமாட்டேன். அவர் எனக்கென்று ஒரு தாவணி செய்து வைத்திருந்தார். இந்தத் தடவை கழிசல் இல்லை. முதலாளியிடம் கேட்டு வாங்கிய மெல்லிய நல்ல துணி. அதைத் தன் கையாலேயே இரண்டு தரம் வெளுத்திருந்தார். அப்படி ஒரு வெள்ளை கண்டதில்லை. அம்மா பச்சைக் கரை வைத்துத் தைத்திருந்தாள். விடியற்காலையில் அப்பாவே அதை எனக்குப் போட்டுவிட்டு, மொட்டை தெரியாமல் முந்தியைத் தலைமேல் இழுத்து முக்காடாக்கி, இனி நீ இங்கேயேதான் என்றார்.

முகூர்த்தத்துக்கு முன்பே கழுத்தில் தொடங்கியது. பிறகு கன்னம், காது, மொட்டைத் தலை முழுவதும். மணவறைக்குப் பக்கத்தில் விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரு கையால் விளக்கு, மறு கையால் கழுத்து. சொறியக்கூடாது, சொறிந்தால் வீடு போய்விடும் என்று பல்லைக் கடித்தேன். கண்ணில் தண்ணீர் வழிந்தது. அக்கா மாமியார் பெரிய குரலில், இந்தப் பிள்ளைக்கு என்ன, முகமெல்லாம் என்ன என்று கேட்டார். நாதஸ்வரத்தைத் தாண்டி அது கேட்டது.

அம்மா என்னை இழுத்துக்கொண்டு போய் மண்டபத்தின் காய்கறி அறையில் தள்ளி வெளியே தாழ்ப்பாள் போட்டாள். நான் கத்தரிக்காய்ச் சாக்கின்மேல் உட்கார்ந்து கெட்டிமேளம் கேட்டேன். என் அக்கா கழுத்தில் தாலி ஏறியதை நான் பார்க்கவில்லை. அரிப்பில் அழுகிறேனா அதற்கு அழுகிறேனா என்று எனக்கே பிரிக்கத் தெரியவில்லை.

கொஞ்ச நேரத்தில் கதவு திறந்து அப்பா வந்தார். என் முகத்தைப் பார்த்தார். தாவணி நுனியை எடுத்து மூக்கருகே கொண்டுபோனார். பிறகு தன் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்தார். தோளில் கிடந்த பழைய துண்டை என்மேல் போர்த்திவிட்டு, தாவணியை உருவிச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு போய்விட்டார். நல்ல துணியை நான் சொறிந்து பாழாக்கிவிட்டேன் என்று கோபப்படுகிறார் என நினைத்தேன். பல வருஷம் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

பந்தி முடிந்ததும் காய்கறி அறை வாசலிலேயே என் வழக்கு நடந்தது. அக்காவைப் பார்த்துப் பொறாமை, வேண்டுமென்றே சொறிந்துகொள்கிறாள் என்று ஒரு பெரியப்பா சொன்னார். அத்தை தன் கட்சியை எடுத்துவைத்தாள்.

"எங்க வீட்ல இருந்த மட்டும் மேலுல ஒரு பொட்டு உண்டுமா? இங்க வந்து ஒரு ராத்திரி, பாருங்க கோலத்தை. இந்த வீடு அவளுக்கு ஆகல."

எல்லோரும் தலையாட்டினார்கள். நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். திரும்பாமலே, "நீயே கூட்டிட்டுப் போக்கா" என்றார்.

அப்படித்தான் நான் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரியானேன். உங்கள் பள்ளியிலிருந்து என் பெயரை எடுத்தார்கள். எங்கே போனாள் என்று உங்களில் யாராவது கேட்டீர்களா என்று எனக்குத் தெரியாது. கேட்டிருக்கமாட்டீர்கள். அத்தையிடம் திட்டு வாங்கியே வளர்ந்தேன், படித்தேன், வேலைக்கும் போனேன். அப்பா மாதம் தவறாமல் வருவார். பேரிக்காய், சேவு, கடையில் எடுத்த சீட்டிப் பாவாடை எல்லாம் கொண்டுவருவார். பேண்டேஜ் துணி மட்டும் கொண்டுவந்ததே இல்லை. ஒரு முழம்கூட இல்லை. அவர் பெருமைப்பட்ட ஒரே பொருளை என்னிடமிருந்து விலக்கிவிட்டார் என்று அதற்கும் நான்தான் வருத்தப்பட்டேன்.

துணிதான் காரணம் என்று எந்த டாக்டரும் என்னிடம் உறுதியாகச் சொன்னதில்லை. இருக்கலாம் என்பார்கள், கூடவே மாத்திரை எழுதுவார்கள். இப்போது என் வீட்டில் பேண்டேஜ் துணி ஒரு துண்டு கிடையாது, ஆனாலும் சில மாதங்களில் கழுத்தில் எழும்பத்தான் செய்கிறது. இதை எழுதும்போதும் இடது கை அங்கேதான் இருக்கிறது. ஆகவே சத்தியம் செய்யமாட்டேன். அரிப்பை நான் எப்போதோ மன்னித்துவிட்டேன். அதற்கு மூளை கிடையாது.

தொண்ணூறுகளின் கடைசியில் அப்பாவுக்குச் சர்க்கரை முற்றிக் காலில் புண் வந்தது. இராஜபாளையத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் கிடந்தார். அம்மா சாப்பாடு எடுத்துவரப் போன நேரம் நான் பக்கத்தில் இருந்தேன். அவர் முழங்காலுக்குக் கீழே வெள்ளை வெளேரென்று கட்டு. கட்டின் ஓரமெல்லாம் சிவந்து தடித்திருந்தது. மருந்தா துணியா தெரியாது. கட்டுக்குள் விரலை விட்டுச் சொறியப் பார்த்தார்.

"அரிக்குது தாயி. தாங்க முடியல."

என் வாயிலிருந்து அது தானாக வந்தது. "சொறியாதிங்கப்பா. சுத்தமான துணி. ஒண்ணும் செய்யாது."

அவர் கை அப்படியே நின்றது. என்னைப் பார்க்காமல் மேலே சுற்றுகிற ஃபேனைப் பார்த்தார்.

"கல்யாணத்தன்னைக்கே எனக்குத் தெரிஞ்சு போச்சு" என்றார்.

துணியைத்தான் சொன்னார். காய்கறி அறையில் அவர் தாவணியை மோந்து பார்த்ததும் கையை விரித்ததும் சரசரவென்று வந்து நின்றன. மாதம் தவறாமல் வந்த சீட்டிப் பாவாடைகளும் வந்தன.

"பொறவு ஏம்ப்பா சொல்லல? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் வீட்ல இருந்திருப்பேன்லா."

"சொன்னா, தெனமும் நாந்தான உனக்கு அதைச் சுத்திவிட்டேன்னு ஆயிருமே தாயி. அம்புட்டுப் பேரு முன்னாடி எப்படிச் சொல்ல?"

அவ்வளவுதான் காரணம். அதற்காகத்தான் விறகுக் கொட்டகை, அலுமினியத் தட்டு, அத்தையின் வாய், அம்மா பக்கத்தில் இல்லாமல் போன என் வருஷங்கள் எல்லாம். கெட்ட அப்பா என்று யாரும் அவரைச் சொல்லிவிடக்கூடாது. யாரும் சொல்லவும் இல்லை. ஊரில் அவரைப் போல் பிள்ளைமேல் பாசமுள்ளவர் கிடையாது என்றுதான் இன்றும் பேசுகிறார்கள்.

அப்போது நர்ஸ் ஊசி போட உள்ளே வந்தது. நான் எழுந்து, அப்பாவுக்கும் பக்கத்துக் கட்டில்காரர்களுக்கும் நன்றாகக் கேட்கும்படி சொன்னேன்.

"சிஸ்டர், எங்கப்பாவுக்கு இந்தத் துணி ஒத்துக்கல. மாத்துங்க."

சிலருக்கு அப்படி இருக்கும் என்றது நர்ஸ். வீட்டிலிருந்து பழைய வேட்டி ஒன்றை வேகவைத்துக் காயப்போட்டுக் கொண்டுவரச் சொல்லிவிட்டு, கட்டை அவிழ்த்துக் குப்பைக் கூடையில் போட்டது. இதை யார் சுற்றிவிட்டது என்று ஒருவரும் கேட்கவில்லை. பக்கத்துக் கட்டில்காரர் திரும்பிப் படுத்துக்கொண்டார்.